மகளிர் கல்லூரிக் கூடைப்பந்து: அரங்கை நிரப்புவது ஆட்டமா, ஒரே ஓர் ஆட்டக்காரியா?

#1 கொலம்பியாவாசி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். தென் கரோலினாவின் தலைநகரான கொலம்பியாவுக்கு நான் குடிவந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வந்த புதிதில் உடன் வேலை செய்யும் ஒருவர், தம் வீட்டில் ஒருவருக்கு உடல்நலமில்லாமல் மிஞ்சிப்போன டிக்கெட்டை என் கையில் கொடுத்து, பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பதினெட்டாயிரம் பேர் அமரக்கூடிய கலோனியல் லைஃப் அரங்கில் சில நூறு பேர் ஆங்காங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு போனேன். வண்டியை நிறுத்த இடம் கிடைக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே போனால், தேவாலயத்திலிருந்து நேராக வந்தவர்களைப் போல உடுத்திய வயதான பெண்மணிகள், தோளில் குழந்தையைச் சுமந்த தந்தையர், பள்ளிக்கூடச் சிறுமிகளின் வரிசைகள் என்று மேல்தளம் வரை தலைகளாகவே தெரிந்தன.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி இருந்துவருகிறது. பெண்களின் விளையாட்டுக்குக் கூட்டம் வராது என்பதை ஏதோ இயற்கை விதியைப் போலப் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். அயோவா பல்கலைக்கழக அணியின் நட்சத்திரமான கேட்லின் கிளார்க் வந்த பிறகு, அவர் ஒருவரால்தான் கூட்டம் வந்தது என்று இப்போது சொல்கிறார்கள். ஆனால் எங்கள் ஊர் அரங்கு அவர் கல்லூரியில் சேர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே நிறைந்துவிட்டது. 2014–15 பருவத்திலேயே சராசரிப் பார்வையாளர் எண்ணிக்கையில் நாட்டின் முதலிடத்துக்கு எங்கள் அணி வந்தது. அப்படியானால் மக்களை அங்கே இழுப்பது எது? இதைத் தொடர்ந்து பார்ப்பவர்களும் பார்க்க மறுப்பவர்களும் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

#2 நடுநிலையான் எழுதியது:

பார்க்க மறுப்பவன் என்ற முறையில் முதலில் நானே வருகிறேன். 2024 ஏப்ரல் 7 அன்று கிளீவ்லாந்தில் தென் கரோலினாவும் அயோவாவும் மோதிய, தேசியக் கல்லூரிப் போட்டித் தொடரின் இறுதி ஆட்டத்தை ஏறக்குறைய 1 கோடியே 89 இலட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மறுநாள் நடந்த ஆண்கள் இறுதியைப் பார்த்தவர்கள் 1 கோடியே 48 இலட்சம் பேர். பெண்கள் இறுதி ஆண்கள் இறுதியை முந்தியது வரலாற்றில் அதுவே முதல் முறை என்று நாடே கொண்டாடியது. அடுத்த ஆண்டு கிளார்க் இல்லை. டாம்பாவில் நடந்த 2025 இறுதியைப் பார்த்தவர்கள் 85 இலட்சம் பேர். பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018 போட்டித் தொடரின் முதல் சுற்றில் கனெக்டிகட் அணி, பென்சில்வேனியாவின் செயின்ட் பிரான்சிஸ் அணியை 140–52 என்ற கணக்கில் வென்றது. முதல் பாதியில் மட்டும் 94 புள்ளிகள். அதைப் போட்டி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. வளையத்துக்கு மேலே எழும்பிப் பந்தைத் திணிக்கும் டங்க் பெண்கள் ஆட்டத்தில் அரிதினும் அரிது. வேகமும் குறைவு. நான் பெண்களை இகழவில்லை. பார்வையாளனாக என் மாலைப்பொழுதை எதற்குச் செலவிடுவது என்பதைத்தான் பேசுகிறேன்.

#3 சோளக்கொல்லை எழுதியது:

அயோவாவிலிருந்து எழுதுகிறேன். கிளார்க் வந்த பிறகுதான் எங்கள் ஊர்க்காரர்கள் பெண்கள் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார்கள் என்று வெளியூர்ப் பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் இங்குள்ள பாட்டிமார்களுக்குச் சிரிப்பு வருகிறது.

இந்த மாநிலத்தில் 1993 வரை உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் ஆடியது அறுவர் ஆட்டம். ஓர் அணியில் ஆறு பேர். மூவர் ஒரு பாதியில் நின்று கூடை போடுவார்கள், மற்ற மூவர் மறு பாதியில் நின்று தடுப்பார்கள். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பந்தைத் தரையில் இரண்டு முறைக்கு மேல் தட்டவும் கூடாது. பெண்களின் உடல் அதிக ஓட்டத்தைத் தாங்காது என்ற அந்தக் காலத்து எண்ணம்தான் இதற்கு அடிப்படை. ஆனால் அந்த எண்ணத்திலிருந்து பிறந்த ஆட்டம், கூடை போடும் மூவரின் கையில் புள்ளிகளைக் கொட்டிக் குவிக்கும் ஆட்டமாக மாறிவிட்டது. 1968 மாநில இறுதியில் யூனியன்-விட்டன் பள்ளியும் எவர்லி பள்ளியும் மோதின. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்று 113–107 என்று முடிந்தது. வென்ற அணியின் டெனிஸ் லாங் 64 புள்ளிகள், தோற்ற அணியின் ஜீனெட் ஓல்சன் 76 புள்ளிகள். ஓராண்டு கழித்து லாங்கை சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் என்ற ஆண்கள் தொழில்முறை அணியே தன் தேர்வுப் பட்டியலில் எடுத்தது. விளம்பரத்துக்காகத்தான், இருந்தாலும் எடுத்தது.

மாநிலப் போட்டி நடக்கும் வாரத்தில் சிற்றூர்களே காலியாகி டெ மாய்ன் நகரத்து அரங்கில் போய் உட்கார்ந்துவிடும் என்று பக்கத்து வீட்டு அம்மையார் சொல்வார். அந்தச் சிறுமிகள் வளர்ந்து தாய்மார்களாகவும் பயிற்சியாளர்களாகவும் ஆனார்கள். இன்று அயோவாவின் தலைமைப் பயிற்சியாளரான ஜான் ஜென்சன் பள்ளியின் கடைசி ஆண்டில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 66 புள்ளிகள் எடுத்தவர். அவருடைய பாட்டியும் அறுவர் ஆட்டக்காரியே.

ஆகவே 1985 பிப்ரவரி 3 அன்று, விவியன் ஸ்டிரிங்கர் பயிற்றுவித்த அயோவா அணி ஓஹாயோ ஸ்டேட்டுடன் மோதியபோது கார்வர்-ஹாக்காய் அரங்குக்குள் 22,157 பேர் நுழைந்ததில் எங்களுக்கு வியப்பில்லை. அந்த அரங்கில் உட்கார இடம் சுமார் பதினைந்தாயிரம் பேருக்குத்தான். மீதிப் பேர் படிக்கட்டுகளில் உட்கார்ந்தார்கள். கிளார்க் பிறந்தது 2002இல்.

#4 கணக்கர் எழுதியது:

நடுநிலையான் அவர்கள் தந்த எண்கள் சரியானவை. ஆனால் அவற்றை அவர் அடுக்கிய விதத்தில் இரண்டு செய்திகள் விடுபட்டுள்ளன.

2024இல் பெண்கள் இறுதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், கட்டணமின்றி எல்லா வீட்டிலும் வரும் ஏபிசியில் ஒளிபரப்பானது. ஆண்கள் இறுதி திங்கட்கிழமை இரவு, கேபிள் இணைப்பு உள்ளவர்கள் மட்டுமே பார்க்கக்கூடிய டிபிஎஸ்ஸில் ஒளிபரப்பானது. எனவே "ஆண்களை முந்தினார்கள்" என்று கொண்டாடியவர்கள் சற்று அடக்கி வாசித்திருக்கலாம். இது என் தரப்புக்கு எதிரான செய்தி என்று தெரிந்தே சொல்கிறேன்.

இரண்டாவது செய்தி அவருக்கு எதிரானது. 2024ஐ மட்டும் உச்சியாக வைத்துக்கொண்டு 2025ஐப் பார்த்தால் பள்ளமாகத்தான் தெரியும். சற்றுப் பின்னால் போய்ப் பாருங்கள். 2022 இறுதியைப் பார்த்தவர்கள் 50 இலட்சத்துக்கும் குறைவு. 2023இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யு. அயோவாவை 102–85 என்று வென்ற இறுதிக்கு 99 இலட்சம். கிளார்க் இல்லாத 2025 இறுதியோ, கனெக்டிகட் 82, தென் கரோலினா 59 என்று ஒருதலையாக முடிந்த ஆட்டம். அதற்கும் 85 இலட்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகும் ஆற்றில் முன்பைவிட ஆழமான நீர் நிற்கிறது.

இன்னும் பின்னால் போனால் வேறொரு வேடிக்கை தெரியும். 1983இல் தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் லூசியானா டெக்கை 69–67 என்று வென்ற இறுதியை சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஏறத்தாழ 1 கோடியே 18 இலட்சம் பேர் பார்த்தார்கள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு பெண்களுக்குப் போட்டி நடத்தத் தொடங்கிய இரண்டாவது ஆண்டு அது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 காலிறுதியில் அயோவாவும் எல்.எஸ்.யு.வும் மீண்டும் மோதியபோதுதான் (1 கோடியே 23 இலட்சம்) அந்த எண் முறியடிக்கப்பட்டது. 1983இல் இருந்த பார்வையாளர்கள் இடையில் எங்கே போனார்கள்? 1996இலிருந்து இறுதி ஆட்டம் கேபிள் சேனலுக்குள் போய் அடைந்துகொண்டது. 2023இல்தான் மீண்டும் பொது அலைவரிசைக்கு வந்தது. கடையை மூடி வைத்துவிட்டு வாடிக்கையாளர் வரவில்லை என்று சொன்ன கதைதான் இது.

#5 வடகிழக்கு மூலை எழுதியது:

கனெக்டிகட்காரன் பேசாமல் இருந்தால் இழை நிறைவு பெறாது அல்லவா. இந்தச் சிறிய மாநிலத்தில் ஆண்களின் பெரிய தொழில்முறை விளையாட்டு அணி எதுவும் நிலைக்கவில்லை. இருந்த ஐஸ் ஹாக்கி அணியும் 1997இல் வெளியேறிவிட்டது. எனவே குளிர்காலம் முழுவதற்கும் எங்களுக்குப் பல்கலைக்கழக அணிகள்தான் உண்டு.

140–52ஐக் குறிப்பிட்ட நண்பருக்கு மறுப்புச் சொல்லப் போவதில்லை. அந்த ஆட்டத்தை நானும் பாதியில் அணைத்தேன். ஆனால் அதே பெருவலிமைதான் நான் பார்த்தவற்றிலேயே மறக்க முடியாத இரவையும் தந்தது. 2016 தொடரில் மிசிசிப்பி ஸ்டேட் அணியை எங்களவர்கள் 98–38 என்று நசுக்கினார்கள். அறுபது புள்ளி வித்தியாசம். இவர்கள் ஆட்டத்தையே கொன்றுவிட்டார்கள் என்று அப்போது பலர் எழுதினார்கள். ஓராண்டு கழித்து, 2017 மார்ச் 31 அன்று டாலஸில், அதே மிசிசிப்பி ஸ்டேட் அரையிறுதியில் எதிரே வந்து நின்றது. எங்களவர்கள் தொடர்ந்து 111 ஆட்டங்களை வென்றிருந்த நேரம் அது. ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. கடைசி நொடியில், ஐந்தடி ஐந்தங்குல உயரமே உள்ள மார்கன் வில்லியம் வலப்பக்கமாகத் தட்டிக்கொண்டு வந்து, நின்று, எறிந்தார். பந்து வளையத்துக்குள் விழுந்தபோது ஆட்டம் முடிந்ததைக் காட்டும் விளக்கு எரிந்துவிட்டது. 66–64.

என் மனைவி அழுதார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். ஆனாலும், தோற்கவே தோற்காத அணி ஒன்று இல்லாவிட்டால் அந்த வீச்சுக்கு அந்த மதிப்பு வந்திருக்காது என்பதை அன்றிரவே ஒப்புக்கொண்டேன். அதற்கு முந்தைய தலைமுறையில் டென்னசியும் நாங்களும் மோதிய ஆட்டங்கள் இதே வேலையைச் செய்தன. 1995 ஜனவரி 16 அன்று தொடங்கிய பகை அது. டென்னசியின் பாட் சம்மிட் இருபத்திரண்டு வயதில் பயிற்சியாளராகி, அணியின் வண்டியைத் தாமே ஓட்டி, சீருடைகளைத் தாமே துவைத்துத் தொடங்கியவர். 1,098 வெற்றிகளோடு ஓய்வுபெற்றார். அவர் பக்கவாட்டுக் கோட்டில் நின்று முறைக்கும் பார்வைக்கென்றே டிக்கெட் வாங்கியவர்கள் இருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. 2024 அரையிறுதியில் அயோவாவிடம் 71–69 என்று தோற்றோமே, 3.9 நொடிகள் மீதமிருந்தபோது எங்கள் ஆலியா எட்வர்ட்ஸ் நின்ற இடத்தில் நிற்காமல் நகர்ந்து எதிராளியை மறித்தார் என்று ஃபவுல் ஊதப்பட்டதே, அதை நான் இன்னும் ஏற்கவில்லை. தலைப்புக்கு இது அவசியமில்லைதான். ஆனால் 1 கோடியே 42 இலட்சம் பேர் பார்த்த ஆட்டத்தைப் பற்றி இன்றும் ஒருவன் தூக்கத்தில் புலம்புகிறான் என்றால், அதுவும் ஈர்ப்பின் அளவுகோல்தானே.

#6 சோளக்கொல்லை எழுதியது:

அது ஃபவுல்தான்.

#7 பழைய பாயிண்ட் கார்டு எழுதியது:

சிறு வயதில் பள்ளி அணியிலும் பின்னர் கல்லூரி அணியிலும் ஆடியவள் நான். இதுவரை எல்லோரும் கூட்டத்தைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். களத்தில் நடப்பதைப் பற்றியும் சற்றுப் பேசலாம்.

டங்க் இல்லை என்கிறார் நடுநிலையான். ஜார்ஜியன் வெல்ஸ் 1984இலேயே செய்து காட்டினார். கேண்டஸ் பார்க்கர் 2006 தொடரில் ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை செய்தார். இருப்பினும் அரிது என்பது உண்மை, அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் வளையத்துக்கு மேலே முடிக்க முடியாது என்ற ஒரே காரணத்தால், கீழே நடக்கும் வேலை முழுவதும் நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆண்கள் ஆட்டத்தில் ஒருவர் தம் ஆளைத் தாண்டிவிட்டால் இரண்டே எட்டில் எழும்பி முடித்துவிடுவார். பெண்கள் ஆட்டத்தில் தாண்டிய பிறகும் உயரமான தடுப்பாட்டக்காரி எதிரே நிற்கிறாள். எனவே பந்து மூலைக்குப் போக வேண்டும், அங்கிருந்து உள்ளே வர வேண்டும், ஒருத்தி மறைப்புப் போட்டு இன்னொருத்தியை விடுவிக்க வேண்டும். ஐந்து பேரும் சேர்ந்து ஒரு கூடையைத் தயாரிப்பதை முழுதாகக் காணலாம். கூடைப்பந்தை ஆடக் கற்றுக்கொண்டவர்களுக்கு இது நாம் ஆடிய ஆட்டமாகவே தோன்றும். வானத்தில் நடப்பதைப் பார்த்து வியக்கலாமே தவிர, அதில் நம்மை நாம் காண முடியாது.

விதிகளும் பார்வையாளருக்குத் துணை நிற்கின்றன. ஆண்கள் கல்லூரி ஆட்டம் இன்றும் இருபது நிமிடப் பாதிகள் இரண்டாகவே நடக்கிறது. பெண்கள் ஆட்டம் 2015–16 முதல் பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்காகிவிட்டது. கால்பகுதி முடிந்ததும் அணியின் ஃபவுல் கணக்கு மறுபடியும் சுழியிலிருந்து தொடங்குவதால், ஃபவுல் கூடினால் எதிரணிக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்காகக் கோட்டில் மாறி மாறி நிற்கும் சலிப்பான கடைசிக் கட்டம் குறைகிறது. அதே ஆண்டில் வந்த இன்னொரு விதியை நான் மிகவும் விரும்புகிறேன். கடைசி நிமிடத்தில் டைம்-அவுட் எடுத்தால் பந்தைத் தன் பாதியிலிருந்து சுமந்து வராமல் முன்பாதியிலேயே உள்ளே எறியலாம். மூன்று நொடி மீதமிருந்தால்கூடத் திட்டமிட்ட ஒரு முயற்சிக்கு இடம் உண்டு. 2018இல் நோட்டர்டேம் அணியின் அரீகே ஒகுன்போவாலே அரையிறுதியிலும் இறுதியிலும் கடைசி வீச்சிலேயே வென்றாரே, அத்தகைய முடிவுகளுக்கு ஏற்ற ஆட்டம் இது.

பெண்களின் பந்து ஆண்களுடையதைவிட ஓர் அங்குலம் சுற்றளவு குறைந்தது. கைக்குப் பொருத்தமான பந்தாகையால், கிளார்க்கைப் போல மூன்று புள்ளிக் கோட்டுக்குப் பல அடி வெளியே நின்று எறிவோரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடிவருகிறது. கோட்டைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 2024 தொடரில் போர்ட்லாந்து அரங்கில் இரு முனைகளிலும் மூன்று புள்ளிக் கோடு ஒரே தொலைவில் இல்லை என்பதை நான்கு ஆட்டங்கள் முடிந்த பிறகே கண்டுபிடித்தார்கள்! ஆடியவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை. அந்த அளவுக்கு ஆட்டத்தில் மூழ்கியிருந்தார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

#8 நடுநிலையான் எழுதியது:

1983ஆம் ஆண்டின் எண்ணும் 1985ஆம் ஆண்டின் எண்ணும் நான் அறியாதவை. கிளார்க் ஒருவரால்தான் என்ற என் வாதம் தளர்ந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறொரு கேள்வி எழுகிறது. நீங்கள் அனைவரும் ஒரே செய்தியை வெவ்வேறு சொற்களில் சொல்கிறீர்கள்: ஊர், பாட்டி, நெடுநாள் பழக்கம். அந்தப் பழக்கம் இனி நிலைக்குமா? இப்போது ஆட்டக்காரிகள் ஆண்டுதோறும் கல்லூரி மாறலாம். 2021 முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணமும் ஈட்டலாம். ஹெய்லி வான் லித் லூயிவில்லில் ஆடினார், எல்.எஸ்.யு.வுக்கு மாறினார், பிறகு டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். எந்த ஊர் அவரைத் தன் மகள் என்று சொல்லும்?

#9 கொலம்பியாவாசி எழுதியது:

இந்த இழையை நான் தொடங்கியபோது என்னிடம் விடை இல்லை. உங்கள் பதிவுகளைப் படித்த பிறகு ஒன்று தெளிவாகிறது. அதை நடுநிலையானின் கேள்வியே வெளிக்கொண்டு வந்துவிட்டது.

ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் மிகச் சிறந்தவர் ஓராண்டு மட்டுமே தங்குவார். பத்தொன்பது வயதானால் ஆண்கள் தொழில்முறை லீக்கான என்பிஏ எடுத்துக்கொண்டு போய்விடும். பெயர் மனத்தில் பதிவதற்குள் அவர் போய்விட்டிருப்பார். பெண்களுக்கோ, அவர்களுடைய தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏவின் தேர்வுக்குத் தகுதி பெற அந்த ஆண்டில் 22 வயது நிறைய வேண்டும் அல்லது பட்டப்படிப்பு முடிய வேண்டும். அந்த விதி ஆட்டக்காரிகளுக்கு நியாயமானதுதானா என்பது வேறு விவாதம். பார்வையாளருக்கு அதனால் கிடைப்பது நான்கு ஆண்டுகள். பதினெட்டு வயதில் பந்தைத் தவறவிட்டுத் தலைகுனிந்து நின்ற பெண், இருபத்திரண்டில் அணியைத் தோளில் சுமப்பதை ஒரே இருக்கையிலிருந்து பார்க்கிறோம். கனெக்டிகட்டின் பெய்ஜ் பெக்கர்ஸ் 2020இல் வந்தார். அது பெருந்தொற்றுக் காலம், அரங்குகளில் ஆளே இல்லை. பிறகு முழங்கால் காயம், அடுத்து ஒரு பருவம் முழுவதும் களத்துக்கு வெளியே, அதற்கடுத்து அரையிறுதித் தோல்வி. 2025 ஏப்ரல் 6 அன்று தமது கடைசிக் கல்லூரி ஆட்டத்தில்தான் கோப்பையைத் தொட்டார். அந்தக் கோப்பை எங்களிடமிருந்து பறிக்கப்பட்டது. ஆனாலும் எனக்கு அன்று முழுக் கோபம் வரவில்லை.

எங்கள் ஊருக்கு வருகிறேன். டான் ஸ்டேலி 2008இல் பயிற்சியாளராக வந்தபோது அரங்கில் பெரும்பகுதி காலிதான். ஃபிலடெல்ஃபியாவின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கங்களை வென்றவர் அவர். வென்றுகொண்டே இருந்ததோடு, ஊர்க்காரர்களோடு ஊர்க்காரராகப் பழகினார். 2014இல் ஏஜா வில்சன் சேர்ந்தார். கொலம்பியாவுக்கு அருகிலுள்ள ஹாப்கின்ஸ் என்ற ஊர்ப் பெண். நாட்டின் எந்தக் கல்லூரியும் அவரை எடுத்துக்கொண்டிருக்கும். அவர் இங்கேயே இருந்து 2017இல் எங்களுக்கு முதல் பட்டத்தை வாங்கித் தந்தார். இப்போது அரங்கின் வெளியே அவருடைய சிலை நிற்கிறது. சிலைத் திறப்பின்போது அவர் சொன்னதை இங்கே எல்லோரும் அறிவார்கள். அவருடைய பாட்டி சிறுமியாக இருந்த காலத்தில், கறுப்பினத்தவர் என்பதால் அந்தப் பல்கலைக்கழக வளாகத்தின் வழியே நடக்க முடியாமல் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. அதே வளாகத்தில் பேத்திக்குச் சிலை. முதல் நாள் நான் பார்த்த, நன்றாக உடுத்திய வயதான பெண்மணிகள் எதற்காக வந்திருந்தார்கள் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. வெறும் கூடைப்பந்துக்காக மட்டும் அவர்கள் வரவில்லை.

போன ஆண்டு என் தாயார் மதுரையிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கினார். ஆட்டத்துக்கு அழைத்துச் சென்றேன். மூன்று புள்ளி, இரண்டு புள்ளி என்று விளக்க முயன்றேன், அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. இடைவேளைக்கு முன்னால் என் கையைத் தட்டி, அந்தப் பின்னல் சடைப் பெண்ணுக்கு இடது கால் வலிக்கிறது, ஏன் அவளை இன்னும் ஓடவிடுகிறார்கள் என்று கேட்டார். இரண்டு நிமிடத்தில் பயிற்சியாளர் அந்தப் பெண்ணை வெளியே அழைத்தார். அடுத்த ஆட்டத்துக்கு முதல் நாளே, அவளுக்குக் கால் சரியாகிவிட்டதா என்று அம்மா கேட்டார்.

#10 கணக்கர் எழுதியது:

கல்லூரி மாறுவது பற்றி நடுநிலையான் எழுப்பிய ஐயம் முற்றிலும் தள்ளத்தக்கதன்று. ஆனால் கிளார்க் போன பிறகும் அயோவாவின் சீசன் டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன. 2025 பிப்ரவரி 2 அன்று கிளார்க்கின் 22ஆம் எண் சீருடையை இனி யாரும் அணியாதபடி அதற்கு ஓய்வு கொடுத்த நாளில், புதிய அணி, நட்சத்திர ஆட்டக்காரி ஜூஜூ வாட்கின்ஸ் ஆடிய தெற்குக் கலிஃபோர்னியாவை 76–69 என்று வென்றது. கிளார்க் பார்வையாளர் வரிசையில் இருந்தார்.

எனக்கு உள்ள அச்சம் வேறு. இந்த ஆட்டத்தின் மதிப்பை நிர்வாகமே நெடுங்காலம் மட்டம் தட்டியது. 2021இல் சான் அன்டோனியோவில் பெண்களுக்கு உடற்பயிற்சிக் கூடம் என்ற பெயரில் கையடக்க எடைகள் அடுக்கிய ஒரு சிறு நிலையத்தை வைத்திருந்தார்கள். ஆரிகன் அணியின் செடோனா பிரின்ஸ் அதைப் படம்பிடித்து வெளியிட்ட பிறகுதான் விசாரணை வந்தது. ஆண்கள் தொடருக்கு வழங்கிவந்த 'மார்ச் மேட்னஸ்' என்ற பெயரைப் பெண்கள் தொடர் பயன்படுத்தியதே 2022இலிருந்துதான். விசாரணை அறிக்கை, பெண்கள் தொடரின் ஒளிபரப்பு உரிமை 2025இல் ஆண்டுக்கு 8 கோடி டாலருக்குக் குறையாது என்று மதிப்பிட்டது. ஆயினும் 2024 ஜனவரியில் அதைத் தனியாக ஏலம் விடாமல், வேறு பல போட்டிகளோடு சேர்த்து விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன்னுக்கு எட்டு ஆண்டுகளுக்குக் கொடுத்தார்கள். அதில் பெண்கள் கூடைப்பந்தின் பங்கு ஆண்டுக்கு சுமார் 6.5 கோடி டாலர். ஆண்கள் தொடருக்கு நூறு கோடி டாலருக்கும் மேல். ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்றே மாதத்தில் 1 கோடியே 89 இலட்சம் பேர் வந்து உட்கார்ந்தார்கள். சந்தைக்குக் கொண்டுபோவதற்கு முதல் நாள் மாட்டை விற்றவர்கள் இவர்கள்.

#11 பழைய பாயிண்ட் கார்டு எழுதியது:

ஒரு திருத்தம், அல்லது சேர்க்கை. கிளார்க் கல்லூரிக் காலம் முழுவதும் எடுத்த 3,951 புள்ளிகளைச் சாதனை என்று எல்லோரும் எழுதும்போது, அதற்கு முன் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் லினெட் உட்வர்ட் எடுத்த 3,649 புள்ளிகள் என்சிஏஏவின் ஏட்டில் இடம்பெறாமலே இருந்ததை நினைக்க வேண்டும். காரணம், அவர் ஆடிய காலத்தில் பெண்கள் போட்டிகளை நடத்தியது வேறு அமைப்பு. சிறிய கல்லூரியொன்றில் ஆடிய பெர்ல் மூர் 4,061 எடுத்திருக்கிறார், அவரைக் கிளார்க்கும் எட்டவில்லை. பார்வையாளர் இல்லை என்று சொல்லப்பட்ட காலத்தில் நடந்தவை இவை. யாரோ பார்த்திருக்கிறார்கள், எண்ணியிருக்கிறார்கள்.

#12 நடுநிலையான் எழுதியது:

போதும், போதும். நான் இருக்கும் இடத்திலிருந்து மூன்று மணி நேர ஓட்டத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. முதல் பதினாறு இடங்களில் உள்ள அணிகளுக்குத் தொடரின் முதல் இரண்டு சுற்றுகள் சொந்த அரங்கிலேயே நடக்கும் என்று படித்தேன். அந்த அணி அந்த வரிசையில் வந்தால் ஓர் ஆட்டம் போய்ப் பார்க்கிறேன். கீழ்த்தளத்தில் இடம் கிடைப்பது கடினம் என்கிறார்கள். மேல்தளத்தில் உட்கார்ந்தால் ஏதாவது தெரியுமா?

#13 பழைய பாயிண்ட் கார்டு எழுதியது:

மேல்தளமே எடுங்கள். பந்து போகும் முன்பே எங்கே போகப்போகிறது என்பது அங்கிருந்துதான் தெரியும்.

#14 கொலம்பியாவாசி எழுதியது:

வண்டி நிறுத்துவதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாகப் புறப்படுங்கள்.